தோள் முறிவுக்குப் பின் மீண்டும் மலைச் சைக்கிள்: சுங்கை சிப்புட் பட்டறை

சென்ற ஆண்டு செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சரிவில் விழுந்து இடது காறை எலும்பை முறித்துக்கொண்ட நான், ஐந்து மாதங்கள் கழித்து, மருத்துவர் அனுமதித்த பிறகே மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பழைய கடைவரிசையில் உள்ள பட்டறைக்கு என் மலைச் சைக்கிளைத் தள்ளிச் சென்றேன்.

பட்டறைக்கார அண்ணன் முதலில் கேட்டது சைக்கிளைப் பற்றியன்று. "கையத் தலைக்கு மேல தூக்க முடியுதா தம்பி?" என்றார். பிறகு என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து, உடல்பாரம் தோளில் விழுவதைக் கவனித்து, கைப்பிடியைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மை நீளம் குறைந்ததாக மாற்றி, கைப்பிடியையும் சற்று உயர்த்தினார். முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் ஃபோர்க்கின் காலில் இருந்த சிறு ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு என்னை ஏறி இறங்கச் சொன்னார். 120 மில்லிமீட்டர் வரை அமுங்கும் அந்த ஃபோர்க்கில், என் பாரத்துக்கு வளையம் 30 மில்லிமீட்டரில் நிற்கும்வரை அதிலிருந்த காற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். டயர்களை உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் ஆக்கியதால் காற்றழுத்தத்தை 32 பிஎஸ்ஐயிலிருந்து 24க்கு இறக்க முடிந்தது. வேர்களின் மீது ஏறும்போது தோளுக்கு வரும் அதிர்வு வெகுவாகத் தணிந்துவிட்டது.

பிரேக் பேட் வரத் தாமதமானதை முன்கூட்டியே தெரிவிக்காதது குறைதான். ஆயினும், ஒருவரின் காயத்தை அறிந்து சைக்கிளைப் பொருத்தித் தரும் இத்தகைய பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுநாள் காலை பால்மரக் காட்டுப் பாதையில் ஆறு கிலோமீட்டர் ஓட்டினேன். விழுந்த சரிவில் மட்டும் இறங்கி நடந்தேன்.