1,143 வேலைகளும் வந்து சேர்ந்தன, தேதிகள்தான் வரவில்லை

ஜூன் 17 காலையில் ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். "வெப்சைட் திறக்கலை, நேத்து ராத்திரியிலேர்ந்து மெயிலும் வரலை. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றார். பார்த்தேன். அவருடைய டொமைன், அதாவது வெப்சைட்டுக்கும் மெயிலுக்குமான முகவரி, 14-ம் தேதியே காலாவதியாகிவிட்டது. அதைப் புதுப்பிக்க வேண்டியவன் நான். ஆறு வருடமாக ஒரு முறைகூடத் தவறியதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஜூன் 7 அன்றும் என் டாஸ்க் ஆப் எனக்கு நினைவூட்டிவிடும். இந்த முறை அது வாயே திறக்கவில்லை.

ஆப்பைத் திறந்து தேடினேன். வேலை அங்கேயே இருந்தது. தேதியைப் பார்த்தால் ஜூலை 6.

மே மாதம்தான் ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தேன். இரண்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. நடந்ததைப் படித்தால் போதும், இது எந்த ஆப்பிலும் நடக்கக்கூடியதுதான்.

பழைய ஆப்பில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் கிடையாது. இலவசமாக இருந்த சில வசதிகளைக் கட்டணத்துக்குள் தள்ளினார்கள், பிறகு கட்டணத்தையும் ஏற்றினார்கள். அந்தக் கோபத்தில் இருந்தபோது புதிய ஆப்பின் விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரே தடவை பணம் கட்டினால் போதும், 'ஆயுள் சந்தா'. யாருடைய ஆயுள் என்று எழுதவில்லை. 'ஐந்தே நிமிடத்தில் உங்கள் எல்லா வேலைகளும் எங்களிடம்' என்று கீழே ஒரு வரி. மே 10 அன்று பணம் கட்டினேன்.

முதல் முயற்சியிலேயே ஒரு சகுனம் தெரிந்தது. பழைய ஆப்பிலிருந்து எல்லா வேலைகளையும் ஒரு சிஎஸ்வி ஃபைலாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) இறக்கி, எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எக்செல்லில் திறந்தேன், சேமித்தேன், புதிய ஆப்பில் ஏற்றினேன். தமிழில் எழுதியிருந்த வேலைகள் எல்லாம் கொக்கியும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்து நின்றன. இது நம்மில் பலருக்குப் பழக்கப்பட்ட தொல்லைதான். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். திறக்கும் மென்பொருள் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று பழைய கணக்கில் படித்தால் ஒன்று மூன்றாக உடையும். லிப்ரே ஆபீஸ் திறக்கும்போதே எந்தக் குறியாக்கம் என்று கேட்கும். எக்செல்லில் நேராக இரட்டைச் சொடுக்குப் போட்டால் அப்படிக் கேட்பதில்லை, நான் அதைத்தான் செய்தேன். கஸ்டமர் கேருக்கு அந்த உடைந்த ஃபைலையே இணைத்து ஒரு மெயில் அனுப்பினேன். 'ஆங்கிலத்தில் எழுதினால் இந்தச் சிக்கல் வராது' என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் படித்ததுமே பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். நானோ ஃபைலை மறுபடி இறக்கி, திறக்காமல் அப்படியே ஏற்றினேன். தமிழ் அழகாக வந்தது. '1,143 வேலைகள் வெற்றிகரமாக மாற்றப்பட்டன' என்று பச்சை டிக்.

எண்ணிக்கையைச் சரிபார்த்தேன், பழைய ஆப்பிலும் 1,143. நாலைந்து வேலைகளைத் திறந்து தேதியைப் பார்த்தேன். ஒன்று 25-ம் தேதி, ஒன்று 18, இன்னொன்று 30. எல்லாம் சரி. இதைவிட என்ன சோதிப்பது என்று நினைத்தேன்.

வழிகாட்டிப் பக்கத்தில் கடைசிப் படி ஒன்று இருந்தது: 'குழப்பத்தைத் தவிர்க்க, இப்போது பழைய கணக்கை மூடிவிடுங்கள்.' ஒரு நிறுவனம் இதை எதற்கு எழுதுகிறது என்று அப்போது யோசிக்கவில்லை. திரும்பிப் போகும் பாலத்தை நம் கையாலேயே உடைக்க வைப்பதைத் தவிர அந்தப் படியால் வேறு பயன் எனக்குத் தெரியவில்லை. மே 12 அன்று மூடினேன். இறக்கிய ஃபைலையும் 'இனி எதற்கு' என்று அழித்துவிட்டேன்.

புதிய ஆப்பில் நுழைந்த முதல் நாளே 87 வேலைகள் சிவப்பில் நின்றன, கெடு தாண்டியவை என்று. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆறு வருடக் குப்பை, செய்யாமல் விட்டதெல்லாம் இப்போது வரிசையாக வந்து முறைக்கிறது என்று நினைத்தேன். புது வீட்டுக்குப் போகும்போது பழைய சாமானைக் கழிக்கிற மனநிலை. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'முடிந்தது' போட்டேன். இந்தப் பதிவில் என் முட்டாள்தனத்துக்கும் பங்கு உண்டு. பெரும்பங்கு இதுதான்.

ஜூன் 17 மாலை, மென்பொருள் வேலையில் இருக்கும் நண்பனிடம் ஆப்பைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "டேய், 12-க்கு மேல போன தேதியெல்லாம் சரியா இருக்குடா. அதுக்குள்ள இருக்கறதுதான் தலைகீழா இருக்கு" என்றான்.

விஷயம் இவ்வளவுதான். பழைய ஆப் தேதியை நாள், மாதம், வருடம் என்று எழுதித் தந்தது. புதிய ஆப் மாதம், நாள், வருடம் என்று படித்தது. 25/08 என்று இருந்தால் 25-வது மாதம் கிடையாது என்பதால் தானாகவே திருப்பிப்போட்டுச் சரியாக எடுத்துக்கொண்டது. 07/06 என்று இருந்தால் ஏழாவது மாதம் இருக்கிறதே, ஜூலை 6 என்று எழுதிவிட்டது. ஒரு வார்த்தை எச்சரிக்கை கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள், மாதம் இரண்டும் 12-க்குள் வரும் தேதிகள் வருடத்தில் 144. அதில் 5/5, 9/9 மாதிரி திருப்பினாலும் மாறாதவை 12. மிச்சம் 132 தேதிகள், 365-க்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நான் திறந்து பார்த்த நாலைந்தும் மாதத்தின் பின்பாதித் தேதிகளாக அமைந்தது என் ஜாதகம்.

அந்த 87-ம் பழைய குப்பையே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. செப்டம்பர் 4 என்று இருந்தது ஏப்ரல் 9 ஆகி, மே மாதத்தில் பார்க்கும்போது கெடு தாண்டியதாகத் தெரிந்திருக்கிறது. இனி வரவேண்டிய வேலைகளை முடிந்துபோனவை என்று என் கையாலேயே டிக் அடித்திருக்கிறேன். அதில் ஆண்டுக்கொரு முறை வருபவை தாவி அடுத்த வருடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டன.

டொமைன் விஷயத்தையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். டாட் காம் போன்ற பொதுவான டொமைன்களை விற்பவர்கள் காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும் என்பது டொமைன்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் விதி. மெயில் வந்துதான் இருக்கிறது. ஆப் இருக்கிறதே என்ற தைரியத்தில் அந்த மெயில்களை எல்லாம் நேராக ஒரு ஃபோல்டருக்குள் போகும்படி நான் எப்போதோ ஃபில்டர் போட்டிருந்தேன். மூன்றாவது நாளே தெரிந்ததால் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க முடிந்தது. டொமைன் நீக்கப்படும் நிலைக்குப் போயிருந்தால் அதன்பின் 30 நாள் மீட்புக் காலம்தான், அதற்குக் கட்டணமும் பல மடங்கு. ஜூலை 6 வரை நான் ஆப்பை நம்பிக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. வாடிக்கையாளர் திட்டவில்லை. "பரவாயில்லை விடுங்க" என்றார். அடுத்த வேலையை வேறொருவரிடம் கொடுத்தார்.

கஸ்டமர் கேருக்கு எழுதினேன். உடனே பதில் தந்தது ஒரு தானியங்கி பாட்: உங்கள் தரவு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம். பத்திரமாகத்தான் இருக்கிறது, தப்பாக! ஒன்பது நாள் கழித்து மனிதர் ஒருவர் எழுதினார். எங்கள் உதவிப் பக்கத்தில் மாதம் முதலில் வரவேண்டும் என்று குறிப்பிட்டிருக்கிறோம், உங்கள் ஃபைல் அந்த வடிவத்தில் இல்லை என்றார். போய்த் தேடினால், ஏற்றும் பக்கத்தில் இல்லாமல், அதிலிருந்து மூன்று சொடுக்கு தள்ளி, ஒரு அட்டவணையின் அடிக்குறிப்பில் இருந்தது. வடிவம் சரியில்லை என்றால் ஃபைலை நிராகரித்திருக்கலாமே, பாதியைத் திருப்பிப்போட்டு ஏன் ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. பணத்தைத் திருப்பித் தர 14 நாள் கெடுவாம். எனக்கு விஷயம் தெரிந்ததே 38-வது நாள். பழைய ஆப்காரர்கள் மூடிய கணக்கை 30 நாள் வைத்திருப்பார்கள், அந்தக் கெடு ஜூன் 11-ல் முடிந்திருந்தது. ஆறே நாள்.

சரி, இங்கிருந்தாவது எடுத்துக்கொண்டு வேறெங்காவது போகலாம் என்றால், எக்ஸ்போர்ட் பொத்தான் தந்தது பிடிஎஃப். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது, கல்யாணப் பத்திரிகை மாதிரி. அதை எந்த ஆப்பும் உள்வாங்காது. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20-வது பிரிவு, தாங்கள் கொடுத்த தரவைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் கேட்டு வாங்கும் உரிமையைத் தருகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள். மற்றவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே, ஒரு சோதனைக் கணக்கில் பத்து வேலைகளை எழுதி எக்ஸ்போர்ட் அழுத்திப் பாருங்கள். உள்ளே போகும் வழியை எல்லோரும் காட்டுவார்கள். நான் வெளியே வரும் வழியைப் பார்க்காமல் போனேன்.

தேதி மட்டும்தான் கெட்டது என்று நினைக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் வேலைகள் தனிக் கதை. தண்ணீர் ஃபில்டரை 'மாற்றிய நாளிலிருந்து மூன்று மாதம்' என்று வைத்திருந்தேன், அது காலண்டரில் நிலையான மூன்று மாதமாகிவிட்டது. காலண்டர் ஆப்கள் பொதுவாகப் பின்பற்றும் ஆர்எஃப்சி 5545 என்ற 2009-ம் வருட வரையறையில் 'முடித்த நாளிலிருந்து' என்று சொல்வதற்கு வழியே இல்லை, ஒவ்வொரு ஆப்பும் தன் இஷ்டத்துக்கு ஏதோ செய்துகொள்கிறது. 'மாதக் கடைசி நாள் பில் அனுப்பு' என்பது '31-ம் தேதி' ஆனது. வருடத்தில் ஏழு மாதத்துக்குத்தான் 31 உண்டு, ஆகவே ஜூன் பில் போகவே இல்லை. வேலைகளோடு இணைத்திருந்த ஃபைல்கள் பழைய ஆப்பின் சர்வரைக் காட்டும் வெறும் லிங்க்குகளாக வந்தன. கணக்கை மூடியதும் அவையும் செத்தன. வேலைகளின் கீழே எழுதியிருந்த கருத்துகள் வரவே இல்லை. இதற்கு நடுவே பழைய ஆப்பின் சந்தா இன்னொரு மாதம் பிடிக்கப்பட்டது. கணக்கை மூடினாலும் ஆப்பை அழித்தாலும் ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டும் சந்தா நிற்காது, ஸ்டோரின் சந்தா பக்கத்தில் தனியாகப் போய் ரத்து செய்ய வேண்டும். இது பழைய ஆப்பின் தப்பில்லை, என் அவசரம்.

மாறவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சில நேரம் மாறித்தான் ஆக வேண்டும். 2013 மே மாதம் யாஹூ வாங்கிய ஆஸ்ட்ரிட் என்ற டாஸ்க் ஆப் ஆகஸ்டிலேயே மூடப்பட்டது. 2015-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய வுண்டர்லிஸ்ட் என்ற இன்னொரு டாஸ்க் ஆப்பை 2020 மே 6 அன்று நிறுத்தினார்கள். மாறும்போது பழைய கணக்கை மூன்று மாதமாவது மூடாமல் வைத்திருங்கள், கட்டணம் போனாலும் போகட்டும். இறக்கிய ஃபைலைத் தொடாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். சோதிக்கும்போது மாதத்தின் முதல் 12 நாட்களுக்குள் வரும் வேலைகளைத் திறந்து பாருங்கள். ஏற்றிய அன்றே ஏராளமான வேலை கெடு தாண்டி நின்றால், என்னைப் போல் டிக் அடிக்காமல் ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

என்னைக் காப்பாற்றியது எது தெரியுமா? தமிழ் உடைந்துபோன அந்த முதல் ஃபைல். கஸ்டமர் கேருக்கு அனுப்பிய மெயிலில் இணைப்பாகத் தங்கியிருந்தது. எழுத்துகள் கந்தல், தேதிகள் மட்டும் கலையாமல் இருந்தன. நண்பன் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி உடைந்த எழுத்துகளில் முக்கால்வாசியை ஒட்டவைத்தான். மிச்சத்தை நான் வரிசை எண்ணை வைத்து ராத்திரியில் உட்கார்ந்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், இந்த முறை சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில்.

இன்னும் 212 பாக்கி. நேற்று ஒன்றில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 'மறக்காமல் அவரிடம் கேட்க வேண்டும்' என்று எழுதி, மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன். தேதி சரியாகவே மீண்டுவிட்டது, அக்டோபர் 3. யாரிடம், எதை என்று கீழே கருத்தில் எழுதியிருப்பேன்.