"எந்தக் குதிரைக்கும் பொருந்தும்" என்று சொல்லிச் சேணம் விற்பவரிடம் ஏமாறாதீர்கள்

புதிதாகச் சேணம் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். போன பணத்தைக்கூட விட்டுவிடலாம். என் செவலை பட்ட வலியை இன்னொரு குதிரை படக் கூடாது.

விற்றவர் லாயத்துக்கே வந்தார். சேணத்தின் முன்வளைவைத் திருகாணியால் அகலமாகவும் குறுகலாகவும் மாற்றிக்கொள்ளலாம், அதனால் எந்தக் குதிரைக்கும் பொருந்தும் என்றார். செவலையை நிற்க வைத்து, முதுகில் சேணத்தைத் தூக்கி வைத்து, இரண்டு தட்டு தட்டினார். "அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கு" என்றார். வயிற்றுப் பட்டையைக்கூட இறுக்கவில்லை. என்னை ஏறச் சொல்லவில்லை. குதிரை ஓரடி எடுத்து வைக்கவில்லை. பத்து நிமிடத்தில் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் செவலையின் நடை மாறியது. முன்னங்கால்களை நீட்டி வைத்து நடப்பவள், சுடுமணலில் நடப்பதுபோலக் குட்டிக் குட்டி அடியாக வைத்தாள். பட்டையை எடுத்தாலே காதைப் பின்னால் மடக்கினாள். விற்றவரைக் கேட்டேன். "புதுத் தோல், போகப் போகத் தளரும்" என்றார். அப்புறம் சேணத்துக்கு அடியில் விரிக்கும் தடித்த பேடு (மெத்தை) ஒன்றையும் விற்றார். அதைப் போட்டதும் இன்னும் மோசம். ஏற்கெனவே கடிக்கிற செருப்புக்குள் கனமான காலுறை போட்டால் என்ன ஆகும்? அதேதான். மூன்றாம் முறை கேட்டபோது, குதிரைக்குப் பிடிவாதம், இரண்டு போடு போட்டால் சரியாகும் என்றார். நான் அதையும் நம்பி இரண்டு நாள் சவுக்கை எடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

கால்நடை மருத்துவர் கால்களையும் குளம்புகளையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. "சேணத்தை யாரிடமாவது காட்டுங்கள்" என்றார். அடுத்து வந்தவர் சேணம் பொருத்துவதையே தொழிலாகச் செய்பவர், விற்பவர் அல்ல. சேணத்தைப் பேடு இல்லாமல் கட்டச் சொன்னார். என் கையை அதன் முன்பகுதிக்கு அடியில் நுழைக்கச் சொல்லிவிட்டு, செவலையின் முன்னங்காலை மெதுவாகத் தூக்கி முன்னே நீட்டினார். தோள்பட்டை எலும்பு பின்னால் நகர்ந்து வந்து, என் விரல்களைச் சேணத்தோடு சேர்த்து நசுக்கியது. கையை உருவவே முடியவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அவள் தோளில் இதுதான் நடந்திருக்கிறது, அதுவும் என் எடை மேலே இருக்கும்போது.

குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடம்போடு எலும்பு மூட்டால் சேரவில்லை. தசையும் தசைநாரும்தான் நெஞ்சைத் தொட்டில் மாதிரி ஏந்திப் பிடித்திருக்கின்றன. கால் முன்னே போகும்போது தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பு பின்பக்கமாகச் சுழன்று வரும். நின்றுகொண்டிருக்கும் குதிரையில் அந்த எலும்புக்கும் சேணத்துக்கும் நடுவே தாராளமாக இடம் இருப்பதாகத் தெரியும். நடக்கத் தொடங்கியதும் அந்த இடம் போய்விடும். முன்வளைவு குறுகலாகவோ சேணம் முன்தள்ளியோ இருந்தால், எலும்பு போய் முட்டும். முட்டினால் வலிக்கும், அதனால் குதிரை காலை நீட்டாது. இதைப் பிடிவாதம் என்று சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ!

அந்தத் திருகாணி விஷயத்துக்கு வருகிறேன். அது முன்வளைவை மட்டும்தான் மாற்றும். உள்ளே இருக்கும் சட்டத்தின் நீளவாக்கு வளைவை அதனால் தொடவே முடியாது. செவலையின் முதுகு நடுவில் சற்றுக் குழிந்தது, சட்டமோ கிட்டத்தட்ட நேர். ஆகவே சேணம் முன்னாலும் பின்னாலும் மட்டும் உட்கார்ந்து, நடுவில் பாலம் மாதிரி அந்தரத்தில் நின்றது. முதுகு முழுக்கப் பரவ வேண்டிய எடை நாலு இடத்தில் இறங்கியது. நீளமும் தப்பு. குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்பு. கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் எடையைச் சுமத்தக் கூடாது, ஏனென்றால் அதற்குப் பின்னால் இடுப்புக்கு விலாவின் தாங்கல் இல்லை. என்னுடையது தாண்டியிருந்தது.

முதுகில் வியர்வைத் தடத்தையும் பாருங்கள். சேணத்தைக் கழற்றியபோது சுற்றிலும் நனைந்திருக்க, தோளுக்குப் பின்னால் இருபக்கமும் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்த திட்டு இருந்தது. சேணம் படாத இடம்தான் காயும் என்று விற்றவர் சமாளித்தார். அது பாதி உண்மை. படாத இடமும் காயும், அளவு மீறி அழுந்தும் இடமும் காயும். கையை விட்டுப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். தோலில் கீறல் விழுந்துவிட்டது, எடுக்க முடியாது என்றார். ரசீதில் "சேணம் ஒன்று" என்பதைத் தவிர எதுவும் இல்லை. குதிரைக்குப் பொருத்திப் பார்த்து விற்றதாக ஒரு வரியும் இல்லை. நீங்கள் வாங்கும்போது அந்த வரியை எழுதி வாங்குங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பட்டையை இறுக்கி, உங்களை ஏற்றி, நடையிலும் ஓட்டத்திலும் இருபக்கமும் திருப்பிப் பார்க்காமல் "பொருந்துது" என்று சொல்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். நல்ல சேணமும் நாளாக நாளாகப் பொருந்தாமல் போகலாம். உடம்பு ஏறினாலும் இளைத்தாலும் முதுகின் வடிவம் மாறும்.

செவலைக்குச் சில மாதம் முழு ஓய்வு கொடுத்தேன். தோளுக்குப் பின்னால் வற்றியிருந்த தசை மெல்ல நிரம்பியது. இப்போது வேறு சேணம், பழையபடி கால் நீட்டி நடக்கிறாள். பட்டையை எடுத்தால் மட்டும் இன்னும் ஒருமுறை திரும்பி என் கையைப் பார்க்கிறாள். திட்டு இருந்த இரண்டு இடத்திலும் செம்முடி போய் வெள்ளை முடி முளைத்திருக்கிறது.