சீன நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம்: இலக்கணப் பயிற்சியா, பணிவழிப் பாடமா?

சீனாவில் ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மூன்றாண்டுகள் தனியொரு பள்ளிப் பருவமாக அமைந்துள்ளன. அந்தப் பருவத்தின் முடிவில் வரும் ஜோங்காவ் தேர்வே ஒரு மாணவர் பொதுக்கல்வி மேல்நிலைப் பள்ளிக்குச் செல்வாரா, தொழிற்கல்விப் பள்ளிக்குச் செல்வாரா என்பதைத் தீர்மானிக்கிறது. சிச்சுவான் மாகாணத்து நகரம் ஒன்றின் அரசுப் பள்ளியில் நான் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்தேன். அங்கு வழக்கம்போலப் பாடநூலும் தேர்வும் உள்ளூர் ஆசிரியரின் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஒவ்வொரு வகுப்பிலும் வாரத்துக்கு ஒரு பாடவேளை மட்டும் ‘பேச்சு வகுப்பு’ என்ற பெயரில் ஒதுக்கப்படும். அந்தப் பாடவேளையை இலக்கணத்தை விளக்கிப் பயிற்சி கொடுப்பதற்குச் செலவிடுவதா, மாணவர்களிடம் ஒரு பணியைக் கொடுத்து அதன் வழியே மொழியைப் பழக்குவதா என்ற கேள்விக்கு நான் இரண்டாவதையே தேர்ந்தேன். இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை மறைக்கப் போவதில்லை.

முதல் முறையை எல்லோரும் அறிவோம். ஆசிரியர் விதியைக் கரும்பலகையில் எழுதுவார், எடுத்துக்காட்டுகள் தருவார், மாணவர்கள் சேர்ந்து உரக்கச் சொல்வார்கள், பிறகு கோடிட்ட இடங்களை நிரப்புவார்கள். ஐம்பது பேர் வரை அமரும் வகுப்பில், நாற்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடங்களுக்குள், ஒழுங்கு குலையாமல் நடத்தி முடிக்கக் கூடியது இது. சீன மாணவர்களிடம் ஏற்கனவே ஊறிப்போன மனப்பாடப் பழக்கமும், பிழையான விடைகளைத் தனி ஏட்டில் எழுதிச் சரிசெய்து வைக்கும் வழக்கமும் இதற்குப் பெருந்துணை. தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இந்த முறையைக் குறை கூறுவது கடினம்.

இரண்டாவது முறை சீனாவுக்குப் புதியதன்று. 2001-இல் வெளியான ஆங்கிலப் பாடத்திட்ட நெறிமுறையே பணிவழிக் கற்பித்தலை வெளிப்படையாகப் பரிந்துரைத்தது. 2022-ஆம் ஆண்டு நெறிமுறை மொழித்திறனோடு சிந்தனைத் தரம், பண்பாட்டு விழிப்பு, கற்கும் திறன் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கிறது. இம்முறையின் தொடக்ககாலச் சோதனைகளுள் மிகவும் பேசப்பட்டது நம் பக்கத்தில் நடந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இந்திய ஆங்கிலக் கல்வியாளர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் பள்ளிகளில், இலக்கணத்தை முன்கூட்டி வரிசைப்படுத்தாமல், அட்டவணை பார்த்துத் தீர்வு காண்பது போன்ற கணக்குகளைக் கொடுத்து ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். அவர் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பேசவிடுவதைப் பெரிதும் தவிர்த்தார். ஒருவர் பிழையை இன்னொருவர் பழகிக்கொள்வார் என்பது அவருடைய கவலை. பணிவழிப் பாடம் என்றாலே மேசைகளைத் திருப்பிப் போட்டு இரைச்சலிடுவது என்று அஞ்சும் சீன ஆசிரியர்களுக்கு இந்தச் செய்தி உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது.

கூச்சம், வகுப்பின் அளவு, உச்சரிப்பு ஆகியவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. சிச்சுவான் பேச்சுவழக்கில் ‘ந’வும் ‘ல’வும் கலந்துவிடுவதால் ‘நைட்’ எது, ‘லைட்’ எது என்று தடுமாறும் பிள்ளைகளை நானும் பார்த்தேன். இவை எந்த முறையிலும் இருக்கும் தொல்லைகள், இரண்டில் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க உதவமாட்டா.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒரே ஒரு கேள்வி: மாணவர் பிழை செய்தால் அந்தப் பிழையால் அவருக்கு என்ன நேர்கிறது, அதை யார் கண்டுபிடிக்கிறார்?

சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப வடிவம் மாறுவதில்லை. ‘நேற்று’ என்று சொல்லிவிட்டால் காலம் விளங்கிவிடும். செயல் முடிந்ததைக் காட்டத் தனி இடைச்சொல் உண்டு, வினை அப்படியே நிற்கும். ஆகவே ‘யெஸ்டர்டே ஹீ கோ டு த லைப்ரரி’ என்று ஒரு மாணவர் சொல்லும்போது, அவர் மனத்தில் எந்தக் குறையும் இல்லை. கேட்பவருக்கும் பொருள் விளங்கிவிடுகிறது. காலத்துக்கும் எழுவாய்க்கும் ஏற்ப வினை மாறும் தமிழிலிருந்து வந்த நமக்கு, அந்த மாற்றம் ஏன் வேண்டும் என்று அவர் கேட்பது முதலில் வியப்பாகவே இருக்கும்.

இந்த இடத்தில் இலக்கணப் பயிற்சி ஒரு தந்திரம் செய்கிறது. பயிற்சித் தாளின் தலைப்பில் ‘இறந்த காலம்’ என்று எழுதியிருக்கும். அடைப்புக்குறிக்குள் ‘கோ’ என்ற வினையும் கொடுக்கப்பட்டிருக்கும். மாணவர் செய்ய வேண்டியது வடிவத்தை மாற்றுவது மட்டுமே. இங்கு இறந்த காலம் வேண்டுமா என்று முடிவெடுக்கும் வேலை அவருக்குக் கொடுக்கப்படுவதே இல்லை. விடைக்குறிப்பு வைத்துப் பக்கத்து மாணவரே திருத்திவிடலாம், ஆசிரியருக்குச் சுமை இல்லை. ஆனால் அதே மாணவர் வாய் திறந்து பேசும்போது, முடிவெடுக்கும் வேலை முழுவதும் திரும்பி வருகிறது, அதற்கு அவர் ஒருநாளும் பழகியிருக்க மாட்டார்.

வெறும் உரையாடலை நம்பும் பணிவழிப் பாடமும் இதே இடத்தில்தான் சறுக்குகிறது. ‘வார இறுதியில் என்ன செய்தாய் என்று நண்பரிடம் கேள்’ என்ற பணியில் வினையின் வடிவத்தை மாற்றாமலே எல்லாம் நடந்துவிடும். பிழையால் யாருக்கும் நட்டமில்லை. ஐம்பது பேரின் பிழைகளையும் ஆசிரியர் ஒருவரே காதால் பிடித்துத் திருத்த வேண்டும், அது முடியாத காரியம்.

ஆகவே நான் நாடியது, வினையின் வடிவம் மாறினால் விடையும் மாறிவிடும் வகையில் அமைந்த பணிகளை. ஆய்வகத்தில் பூந்தொட்டி ஒன்று உடைந்துவிட்டது, நால்வர் மீது சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். நால்வருடைய வாக்குமூலங்களிலும் ‘நேற்று’ என்ற சொல்லே கிடையாது. ‘வகுப்பு முடிந்த பிறகு’ என்று மட்டும் இருக்கும். மூவர் அன்று தாங்கள் செய்ததை இறந்த காலத்தில் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் ‘ஐ கோ டு த லைப்ரரி’ என்று தம் வழக்கத்தைச் சொல்கிறார். வழக்கத்தைச் சொன்னவர் அன்று எங்கிருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை, குற்றவாளி அவர்தான். அடுத்த கட்டத்தில் மாணவர்களே வாக்குமூலம் எழுதுவார்கள். ‘வென்ட்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கோ’ என்று எழுதியவரை வகுப்பே சிரித்துக்கொண்டு குற்றவாளியாக்கிவிடும். நான் எதையும் திருத்தவில்லை. பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது. பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடங்களில்தான் விதியைக் கரும்பலகையில் எழுதினேன். அப்போது அதற்கான தேவையை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்த ஒரு பிழையை மட்டும் தம் பிழை ஏட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். மற்றவற்றை அன்று கண்டுகொள்ளவில்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பு. சீனச் சொல்லசைகள் உயிரிலோ சில மெல்லொலிகளிலோ முடிபவை. ‘வாக்ட்’ என்பதன் கடைசி ஒலி மாணவர் வாயில் மறைந்துவிடும், கேட்பவர் காதிலும் விழாது. எனவே வாய்மொழிப் பணிகளில் ‘கோ–வென்ட்’, ‘சீ–சா’, ‘ஈட்–ஏட்’ போல ஒலியில் தெளிவாக வேறுபடும் வினைகளோடு தொடங்க வேண்டும். ‘வாக்ட்’, ‘ப்ளேய்ட்’ வகை வினைகளை எழுத்துப் பணிக்கு ஒதுக்கி வைப்பது நல்லது.

இவ்வகைப் பணிகளைத் தயாரிக்க நேரம் அதிகம் ஆகும் என்பது உண்மை. பயிற்சித் தாள் பத்து நிமிடத்தில் உருவாகும். நல்ல பணி ஒன்றுக்கு ஒரு மாலைப் பொழுதே போய்விடும். எல்லா இலக்கணக் கூறுகளுக்கும் இது பொருந்துவதும் இல்லை. ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தில் ‘பட்’ என்பதையும் சேர்த்துவிடும் பழக்கம் சீன வாக்கிய அமைப்பிலிருந்து வருவது. அதனால் பொருள் கெடுவதில்லை, அதைப் பிடிக்கும் பணி எதையும் என்னால் வடிவமைக்க முடியவில்லை. அதற்கு நேரடி விளக்கமும் பயிற்சியுமே போதும். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘ஏ’, ‘த’ ஆகியவற்றிலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

ஒன்பதாம் வகுப்பைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது; நான் அந்த வகுப்பில் கற்பிக்கவில்லை. பெய்ஜிங் போன்ற நகரங்களில் ஆங்கிலத் தேர்வின் 100 மதிப்பெண்களில் 40 கேட்டலுக்கும் பேசுதலுக்கும் கணினி வழியே ஒதுக்கப்பட்டுள்ளதால், அங்கு பணிவழிப் பாடம் தேர்வுக்கும் நேரடியாக உதவக்கூடும். எழுத்துத் தேர்வே பெரும்பங்கு வகிக்கும் இடங்களில், கடைசிப் பருவத்தை உள்ளூர் ஆசிரியரின் பயிற்சித் தாள்களுக்கே விட்டுக்கொடுப்பேன்; என் ஒரு பாடவேளையையும் அவர் கேட்டால் தயங்காமல் தருவேன். ஏழாம், எட்டாம் வகுப்புகளில் மட்டும் தர மாட்டேன்.