ஒதுங்கிய நாடுகள்: அமெரிக்கா, ஜப்பான், பர்மா – ஓர் ஒப்பீட்டு அலசல்

வெளியுலகச் சண்டை சச்சரவுகளில் தலையிடாமல் ஒரு நாடு விலகி நிற்பதைத் தனிமைவாதம் என்கிறோம். ஐசொலேஷனிசம் என்றே எழுதுபவர்களும் உண்டு. உதாரணம் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் 1930களின் அமெரிக்காவைச் சொல்வார்கள். என் கணக்கில் அந்தப் பட்டத்துக்கு அமெரிக்கா அவ்வளவு பொருத்தமான ஆள் இல்லை. தோக்குகாவா ஷோகன்கள் என்ற ராணுவ ஆட்சியாளர்களின் ஜப்பானையும், ராணுவத் தளபதி நே வின் ஆண்ட பர்மாவையும் (இன்றைய மியான்மர்) பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இது தெரியும். ஒவ்வொரு நாடும் எதைச் சாத்தியது, எதைத் திறந்து வைத்திருந்தது என்று பார்த்தால் போதும்.

அமெரிக்கா சாத்தியது பெரும்பாலும் ராணுவக் கதவை. முதல் உலகப் போரில் சுமார் 1,16,000 வீரர்களை இழந்த பிறகு, போரை முடித்துவைத்த வெர்சாய் ஒப்பந்தத்தை நாடாளுமன்ற மேலவையான செனட் நிராகரித்தது. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் நாடு சேரவில்லை. ‘ஆயுத வியாபாரிகளும் வங்கிகளும்தான் நம்மைப் போருக்கு இழுத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு வலுத்தது. செனட்டர் நை தலைமையில் 1934-ல் விசாரணையே நடந்தது. 1935 முதல், போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்கும் நடுநிலைச் சட்டங்கள் வரிசையாக வந்தன. நாட்டின் மீது யாரும் படையெடுக்காத நிலையில் போருக்குப் போவதென்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற லட்லோ திருத்தம்கூட 1938 ஜனவரியில் பிரதிநிதிகள் சபைக்கு வந்து, 188-க்கு 209 என்ற கணக்கில்தான் தோற்றது.

ஆனால் அதே காலத்தில் அமெரிக்க வங்கிகள் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தன. கடற்படைகளுக்கு உச்சவரம்பு பேசிய 1921-22 மாநாடு நடந்ததே வாஷிங்டனில்தான். பிலிப்பைன்ஸ் கையில் இருந்தது. நிகரகுவாவில் 1933 வரை, ஹைட்டியில் 1934 வரை அமெரிக்கப் படை உட்கார்ந்திருந்தது. ‘எங்களுக்கு யாரோடும் சம்பந்தமில்லை’ என்று ஹைட்டிக்காரரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்!

அமெரிக்கர்கள் இன்னொரு கதவையும் இறுக்கிச் சாத்தினார்கள், அது மனிதர்களுக்கான கதவு. 1924 குடியேற்றச் சட்டம் நாட்டுவாரியாக ஒதுக்கீடு வைத்தது, ஆசியர்களை ஏறக்குறைய முழுக்கத் தடுத்தது. 1939-ல் 900-க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்ப வேண்டியிருந்தது. அந்தக் காலத்து அமெரிக்காவின் மேல் எனக்குள்ள பெரிய புகார் இதுதான், போரில் சேரத் தயங்கியது அல்ல.

போரில் சேரக் கூடாது என்று 1940-ல் தொடங்கிய ‘அமெரிக்கா ஃபர்ஸ்ட்’ குழுவில் சுமார் 8 லட்சம் பேர் சேர்ந்தார்கள். விமானி லிண்ட்பர்க் போல யூதர்கள் மேல் பழி போட்டவரும் அதன் மேடையில் பேசினார். மாணவராக இருந்த ஜான் எஃப். கென்னடி 100 டாலர் அனுப்பி வைத்தார். எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்ட முடியாது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய சில நாட்களில் குழு கலைந்துவிட்டது.

ஜப்பான் வேறு ரகம். 1633 முதல் 1639 வரை அடுத்தடுத்து ஆணைகள். 1635 ஆணைப்படி, ஜப்பானியர் வெளிநாடு போனாலும் மரண தண்டனை, போனவர் திரும்பி வந்தாலும் மரண தண்டனை. கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது; கிறிஸ்தவ விவசாயிகளின் ஷிமபாரா கிளர்ச்சியை நசுக்கிய கையோடு போர்த்துகீசியரையும் வெளியேற்றினார்கள். இவ்வளவு கடுமையிலும் வணிகம் நிற்கவில்லை. டச்சுக்காரர்கள் நாகசாகியில் தெஜிமா என்ற குட்டிச் செயற்கைத் தீவில் இருந்தார்கள். சீனக் கப்பல்களும் நாகசாகிக்கு வந்தன. கொரியாவோடு சுஷிமா தீவு வழியாக வியாபாரம். டச்சுக் கப்பல்களில் சோழமண்டலக் கரைத் துணியும் போனது. கோடு போட்ட ஒரு துணிவகைக்கு அங்கே ‘சந்தோமே’ என்று பெயர், நம் சாந்தோமேதான். 1720-ல் ஷோகன் யோஷிமுனே வெளிநாட்டு நூல்கள் மீதான தடையைத் தளர்த்தினார். 1774-ல் டச்சு மொழி வழியாக ஒரு உடற்கூறு நூல் ஜப்பானிய மொழிக்கு வந்துவிட்டது. யார் வரலாம், எதைக் கொண்டுவரலாம் என்பதை ஷோகன் அரசு தன் கைப்பிடிக்குள் வைத்திருந்தது, அவ்வளவுதான். 1853-ல் போர்க்கப்பல்களோடு வந்து ‘திற’ என்று மிரட்டியது யார் தெரியுமா? அமெரிக்கக் கடற்படை.

சரி, பர்மாவுக்கு வருவோம். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் 1955 பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளில் பர்மாவும் ஒன்று. 1961-ல் ஐ.நா. பொதுச் செயலாளர் ஆனவர் பர்மாக்காரர் ஊ தாண்ட். அடுத்த ஆண்டு மார்ச் 2 அன்று நே வின் ஆட்சியைப் பிடித்தார். சுற்றுலா விசா 24 மணி நேரமாகச் சுருங்கியது. ஃபோர்டு அறக்கட்டளை போன்ற வெளிநாட்டு அமைப்புகள் வெளியேற்றப்பட்டன. வங்கி, ஆலை, கடை எல்லாம் அரசுடைமை. 1964-ல் 50, 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. சுமார் 3 லட்சம் இந்திய வம்சாவளியினர் கிளம்ப வேண்டியதாயிற்று, அவர்களில் தமிழர்கள் ஏராளம். சென்னையின் பர்மா பஜாரும் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகளும் அப்படி வந்தவைதான். மணிப்பூர் எல்லையில் மோரேயிலும் ஒரு கூட்டம் தங்கிவிட்டது.

பர்மியர்களின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. ஆனால் 1964-ல் அடி வாங்கியவர்களில் சின்னக் கடைக்காரர்களும் கூலிக்காரர்களும்தான் அதிகம்.

நே வினுக்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம். அக்கம்பக்கத்தில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா எல்லாம் வல்லரசுகளின் சண்டைக்களமாகிக் கொண்டிருந்த காலம் அது. பர்மாவுக்குள்ளேயே அமெரிக்க உதவியோடு கம்யூனிஸ்டுகளிடம் தோற்று வந்த சீன தேசியவாதப் படைகள் ஷான் மலைகளில் உட்கார்ந்திருந்த அனுபவம் உண்டு. வெளியுறவில் ஒதுங்கியதில் விவேகம் இருந்தது. சொந்தக் குடிமக்களின் வணிகத்தையும் படிப்பையும் பயணத்தையும் பூட்டியதற்கு அந்தச் சாக்கு செல்லாது. போருக்கு முன் உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு, 1987-ல் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு 25, 35, 75 சாட் நோட்டுகளும் செல்லாமல் போயின.

மூன்றையும் ஒப்பிட்டால், அமெரிக்காவால் சட்டத்தைத் திருத்த முடிந்தது: 1939-ல் ரொக்கம் கொடுத்து எடுத்துப்போனால் ஆயுதம் தரலாம் என்றார்கள், 1941-ல் கடனாகவே கொடுத்தார்கள். ஜப்பானுக்கு ஜன்னல் இருந்தது, சுற்றிலும் கடலும் இருந்தது. பர்மாவில் இரண்டும் இல்லை. 1988-ல் மக்கள் தெருவுக்கு வந்த பிறகே நே வின் விலகினார். தனிமைவாதி என்ற பட்டம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் என் ஓட்டு அவருக்குத்தான்.

ஆனால் பர்மா தன்னை அழைத்துக்கொண்டது ‘நடுநிலை நாடு’ என்று. சுவிட்சர்லாந்தும் நடுநிலைதான், அதன் வங்கிக் கணக்குகளில் உலகமே இருந்தது. நேருவின் இந்தியா அணிசேராமை பேசிக்கொண்டே கொரியப் போர்க் கைதிகள் விவகாரத்தில் போய் நின்றது. நே வினுக்கு அந்த அணிசேரா இயக்கமே அதிகம் என்று தோன்றிவிட்டது போலும்: அது சோவியத் பக்கம் சாய்கிறது என்று 1979 ஹவானா மாநாட்டில் பர்மா அதிலிருந்தும் விலகிக்கொண்டது.