டேலி பிரைம் அவுட்ஸ்டேண்டிங் ரிப்போர்ட்: வசூலுக்கு உதவுதா? ஒரு ஜாப் ஒர்க் கடைக்காரன் ரிவ்யூ

கோயம்புத்தூர் கணபதி பக்கம் சிஎன்சி, லேத் போட்டு பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு மெஷின் வேலை பண்றோங்க. டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்னாலே ஜிஎஸ்டிக்கு, ஆடிட்டர் கேக்குறாருன்னு தான் நிறைய பேர் வாங்குறாங்க, ஆனா என்னை கேட்டா அதுல குடுத்த காசுக்கு உருப்படியான விஷயம் அவுட்ஸ்டேண்டிங் ரிப்போர்ட், அதாவது யார்கிட்ட எந்த பில்லுக்கு பணம் பாக்கின்னு காட்டுற லிஸ்ட் தான், அதை பத்தி மட்டும் எழுதுறேன்.

பார்ட்டி (கஸ்டமர்) பேர்ல லெட்ஜர் கணக்கு திறக்கும்போதே பில்-பை-பில் பேலன்ஸ், அதாவது ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியா பாக்கி வேணுமான்னு கேக்கும், அதுக்கு எஸ் குடுத்துட்டு டீஃபால்ட் கிரெடிட் பீரியட் (பணம் குடுக்க விடுற டைம்) 30 நாளோ 45 நாளோ போட்டுரணும். அப்புறம் ஒவ்வொரு பில்லுக்கும் டியூ டேட் தானா வந்துரும். இது இல்லேன்னா மொத்த பாக்கி மட்டும் தான் தெரியும், எந்த பில் எத்தனை நாளா நிக்குதுன்னு தெரியாது. "அண்ணா, பேலன்ஸ் கொஞ்சம் நிக்குதுங்க"ன்னு கேட்டா "பாக்கலாம் தம்பி, எம்டி ஊர்ல இல்ல"ன்னு வச்சிருவாங்க. "212ஆம் நம்பர் பில்லுங்க, டியூ தாண்டி 40 நாள் ஆச்சு"ன்னு கேட்டா அக்கவுண்ட்ஸ்ல சிஸ்டத்தை திறந்து பாத்தே ஆகணும். பாதி வசூல் இந்த ஒரு கேள்வியிலயே வந்துருது.

சிக்கல் வர்ற இடம் ரெசிப்ட் என்ட்ரி, அதாவது வந்த பணத்தை பதியுற இடம் தான். பணம் வந்தா அகெய்ன்ஸ்ட் ரெஃப் போட்டு எந்த பில்லுக்குன்னு சொல்லணும், அவசரத்துல எந்த பில்லுன்னு சொல்லாம ஆன் அக்கவுண்ட்ல தள்ளிட்டா ரிப்போர்ட்ல பழைய பில் எல்லாம் அப்படியே நிக்கும், குடுத்தவன்கிட்டயே திருப்பி கேக்க வேண்டி வரும். அதே மாதிரி டிடிஎஸ், அதாவது பணம் குடுக்கும்போதே புடிக்கிற வருமான வரி. ஜாப் ஒர்க்குக்கு 1 பர்சன்ட்டோ 2 பர்சன்ட்டோ புடிச்சுட்டு தான் அனுப்புவாங்க, அந்த தொகைக்கு தனியா ஜர்னல் என்ட்ரி போட்டு அதே பில்லுல கழிக்கலேன்னா ஆயிரம், ஐநூறுன்னு தூசி மாதிரி ஒவ்வொரு பில்லுலயும் ஒட்டிக்கிட்டே இருக்கும், நெஜமா வர வேண்டிய பணம் அதுக்குள்ள மறைஞ்சு போயிரும்.

லேட்டா வர்ற பணத்துக்கு வட்டி கணக்கு போடுற ஆப்ஷனும் இருக்கு, ஆனா ரிப்போர்ட்ல காட்டுறதோட சரி, புக்ல ஏத்தணும்னா நாமளே டெபிட் நோட் போடணும். எனக்கு இது போதும், ரெகுலர் பார்ட்டிக்கு யாரும் உடனே வட்டி பில் அனுப்ப மாட்டோம், ஆனா "இவ்வளவு வட்டி ஆகியிருக்குங்க"ன்னு காட்ட ஒரு நம்பர் கையில இருக்கணும். சிறு தொழில்களுக்கான எம்எஸ்எம்இடி சட்டம் 2006 படி, எழுதி ஒப்புக்கிட்ட டெர்ம்ஸ் இருந்தாலும் பேமென்ட் 45 நாளுக்கு மேல போகக்கூடாது, எழுத்துல எதுவும் இல்லேன்னா 15 நாள் தான். தாண்டினா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. இதுக்கு உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் (சிறு தொழில்னு அரசு கிட்ட பண்ற பதிவு) கண்டிப்பா வேணும், அந்த நம்பரை பில்லுல டிக்ளரேஷன் இடத்துல போட்டுருங்க. இன்வாய்ஸ்ல மோட்/டெர்ம்ஸ் ஆஃப் பேமென்ட்னு ஒரு கட்டம் வரும் பாருங்க, பாதி பேர் காலியா விடுறாங்க, தயவுசெஞ்சு அதையும் நிரப்புங்க.

ஒரு விஷயத்துல டேலியை மட்டும் நம்ப முடியாது. அது பில் தேதியில இருந்து நாள் எண்ணும், சட்டம் சரக்கை ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து எண்ணும், கம்பெனிக்காரங்க ஜிஆர்என் (சரக்கு வந்துச்சுன்னு அவங்க போடுற ரசீது) போட்ட நாள்ல இருந்து எண்ணுவாங்க. அதனால டெலிவரி சலான்ல தேதியோட சீலும் கையெழுத்தும் வாங்காம வண்டி திரும்பக்கூடாதுன்னு எங்க டிரைவர்கிட்ட சொல்லி வச்சிருக்கோம். பர்ச்சேஸ் ஆர்டர் வரும்போதே டெர்ம்ஸை படிச்சு, 90 நாள்னு இருந்தா வேலை எடுக்குறதுக்கு முன்னாடியே பேசிருங்க, சரக்கு போனப்புறம் பேசி பிரயோஜனம் இல்ல.

இந்த ஆத்திரம் எதுக்குன்னா, ஒரு லட்சத்துக்கு பில் போட்டா 18,000 ஜிஎஸ்டி, பார்ட்டி குடுத்தாலும் குடுக்கலேன்னாலும் அடுத்த மாசம் 20ஆம் தேதி 3பி-ங்கற ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல நாம கட்டியாகணும். வராத பணத்துக்கு கையில இருந்து வரி கட்டிட்டு, தீபாவளி போனஸுக்கு ஆளுங்க முகத்தை பாக்குறது ரொம்ப கொடுமைங்க. ஒரு பார்ட்டி ரொம்ப இழுத்தப்போ ஏஜ்-வைஸ் ரிப்போர்ட்டை (எந்த பில் எத்தனை நாளா நிக்குதுன்னு காட்டுறது) பிரிண்ட் எடுத்துட்டு நேர்ல போய், 180 நாளுக்குள்ள எங்களுக்கு குடுக்கலேன்னா எங்க பில்லுல இருந்த ஜிஎஸ்டிக்கு நீங்க கழிச்சுக்கிட்ட இன்புட் கிரெடிட்டை வட்டியோட ரிவர்ஸ் பண்ணணும், வருமான வரி சட்டத்துல அப்போ இருந்த 43பி(எச்) படி அந்த வருஷம் செலவாவும் காட்ட முடியாதுன்னு அவங்க ஆடிட்டர்கிட்டயே மரியாதையா எடுத்து சொன்னேன். ரெண்டு தவணையா குடுத்துட்டாங்க, இன்னும் எங்க பார்ட்டி தான். அரசோட ஆன்லைன் போர்ட்டல்ல புகாரை ஏத்தி, இந்த மாதிரி பாக்கியை விசாரிக்கிற கவுன்சில் வரைக்கும் போற வழி இருக்கு, அதுக்கு போனாலும் கேக்குறது இதே பில், சலான், பர்ச்சேஸ் ஆர்டர் தான். வாங்கி விக்கிற டிரேடர்களுக்கு இந்த 45 நாள் சட்டமும் அந்த வருமான வரி விதியும் பொருந்தாது, உற்பத்தியும் சர்வீஸும் பண்றவங்களுக்கு தான், அதை கவனிச்சுக்கோங்க.

மாசத்துக்கு பத்து பில்லுக்குள்ள போடுறவங்களுக்கு டேலி வேண்டாம், சோஹோ இன்வாய்ஸ்னு ஒரு பில் போடுற ஆப் இலவசம், டியூ தாண்டினா மெயில் ரிமைண்டர் தானா போற மாதிரி செட் பண்ணிக்கலாம். பில் நெறைய, டிடிஎஸ், பாதி பேமென்ட்னு ஓடுற எங்கள மாதிரி ஒர்க்‌ஷாப்புக்கு டேலி தான் சரி, ரெசிப்ட்டை ஒழுங்கா போட ஒரு ஆள் இருந்தா.