பயம் போக்கும் குழந்தை வீடியோக்கள்: பல மாதம் பயன்படுத்திய பிறகு எது நிற்கிறது?

முதல் வாரத்தில் இந்த வீடியோக்கள் எல்லாமே நல்லவையாகத்தான் தெரியும். பிள்ளை ரசித்துப் பார்க்கும், பாட்டை முணுமுணுக்கும், 'எனக்குப் பயமே இல்லை' என்று அறிவிக்கும். நிலவரம் தெரிவது மூன்றாவது வாரத்தில்தான். நாய் வீடியோவை நாற்பது தடவை பார்த்த பிள்ளை, நிஜ நாயைக் கண்டதும் இடுப்பில் ஏறிக்கொள்ளும். வீடியோ மோசம் என்றோ பிள்ளை பிடிவாதம் என்றோ சொல்வதற்கில்லை. திரையில் பழகியது திரைக்குள்ளேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். அதை வெளியே கொண்டுவர எந்த மாதிரி வீடியோ உதவுகிறது, எது காரியத்தைக் கெடுக்கிறது என்பதே இந்தப் பகிர்வு. 3 முதல் 8 வயது வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை வயதுக்குக் கீழே, திரையில் பார்த்ததை நிஜத்துக்கு மாற்றிக்கொள்ளும் திறன் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. அந்த வயதில் ஆள் செய்து காட்டுவதுதான் வேலைக்காகும்.

இந்த வீடியோக்களுக்கு அடிப்படை புதிதல்ல. நாய்க்குப் பயந்த சிறு பிள்ளைகளுக்கு, மற்றொரு பிள்ளை நாயோடு பழகும் படங்களைப் போட்டுக்காட்டி உளவியலாளர் ஆல்பர்ட் பந்துராவும் உடன் ஆய்வாளரும் 1968-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே பிள்ளை ஒரே நாயோடு பழகும் படமும் பயனளித்தது. ஆனால் பல பிள்ளைகள், பல அளவிலான நாய்கள் வந்த படத்தைப் பார்த்தவர்கள்தான் கடினமான கடைசிக் கட்டம்வரை போவதில் முந்தினார்கள். இன்றைக்கும் வீடியோ தேர்வில் முதல் விதி இதுதான். ஒரே நாய்க்குட்டி பத்து நிமிடம் துள்ளும் வீடியோ பார்க்க அழகு, பயன் குறைவு. ஒரே அழகுக் குட்டியோடு பழகிய மனது பெரிய கறுப்பு நாயை வேறு பிராணியாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது விதி, பாத்திரம் தயங்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே வீரமாக நடந்துபோகும் பிள்ளையைப் பார்த்தால், 'அவன் அப்படி, நான் இப்படி' என்று பார்க்கும் பிள்ளை ஒதுங்கிக்கொள்ளும். முதலில் பின்வாங்கி, மூச்சை இழுத்துவிட்டு, பாதி தூரம் போய்த் திரும்பி, மறுபடி முயன்று முடிக்கும் பாத்திரம்தான் வழி காட்டுகிறது. அந்தப் பாத்திரம் என்ன செய்து பயத்தைச் சமாளித்தது என்பதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'தைரியமாக இரு' என்ற வசனம் ஒரு செயல் ஆகாது. பத்து வரை எண்ணுவது, கையைப் பிடித்துக்கொள்வது, நீளமாக ஊதுவது ஆகியவை செயல்கள்.

அதிகம் கெடுவது மூன்றாவது இடத்தில். ஏழு நிமிட வீடியோவில் ஐந்து நிமிடம் இருட்டு, நிழல், கதவு கிறீச்சிடும் ஓசை. கடைசி நிமிடத்தில், 'அட, அது வெறும் சட்டை!' பெரியவர்களுக்கு இது முழுக் கதை. நான்கு வயதுக்கு இது ஐந்து நிமிட பேய்ப்படம். சிறு பிள்ளைகள் கடைசித் திருப்பத்தைவிட கண்ணும் காதும் பிடித்ததைத்தான் எடுத்துப்போகிறார்கள். சொல்லும் அதே மாதிரிதான். பாம்பைப் பற்றிய ஓர் ஆய்வில் (வில்சன், கேன்டர், 1987) 'பெரும்பாலான பாம்புகளுக்கு விஷம் இல்லை' என்ற விளக்கம் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பயத்தைக் கூட்டவே செய்தது. 'பெரும்பாலான' நழுவிப் போய் 'விஷம்' மட்டும் மனதில் தங்கிவிட்டது. ஆகவே எந்த வீடியோவானாலும் பெரியவர் முதலில் தனியாக, ஒலியோடு, முழுக்கப் பார்த்துவிடுவது நல்லது. பயமூட்டும் பகுதி மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஒதுக்கிவிடலாம். முதல் முப்பது நொடியிலேயே திடுக்கிடவைக்கும் ஓசை வந்தால் மீதியைப் பார்க்கவே தேவையில்லை.

இனி ஒவ்வொரு பயமாக. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பலன் கிடையாது.

இடிக்கு வீடியோ எடுத்த எடுப்பில் தோற்பதற்குக் காரணம் ஸ்பீக்கர். இடியின் உறுமலில் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்திலும் அதற்குக் கீழேயும் இருக்கிறது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கர் அந்தத் தாழ்ந்த ஓசையை ஏறக்குறைய விழுங்கிவிடும். பிள்ளை வாரக்கணக்கில் பழகுவது 'பட்' என்ற வெறும் சத்தத்துக்குத்தான். ஜன்னல் அதிரும் நிஜ உறுமல் அதற்குப் புதிது. பெரிய ஸ்பீக்கரில், முதலில் பேச்சொலியைவிடக் குறைவாக வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு படி ஏற்றுங்கள். ஒலிப் பொத்தான் பிள்ளையின் கையில் இருக்கட்டும். தானே கூட்டிய சத்தம் அவ்வளவாகப் பயமுறுத்தாது. பிள்ளை காதைப் பொத்தினால் ஒரு படி இறங்கி, அங்கேயே இரண்டு நாள். ஐந்து வயதுக்கு மேல் என்றால் மின்னலிலிருந்து இடி வரை எண்ணும் விளையாட்டு உள்ள வீடியோ நன்றாக உதவுகிறது. ஏறத்தாழ மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆனால் 'தூரத்தில் இருந்தால் வெளியே விளையாடலாம்' என்று முடியும் வீடியோக்களும் உண்டு. அது தப்பு. இடி காதில் விழும் தூரத்தில் இருந்தாலே வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஊசி, பல் மருத்துவர், அறுவை சிகிச்சை: வீடியோ அதிகம் பலிக்கும் இடம் இதுதான். மற்ற பயங்களில் வீடியோ காட்டுவது ஒரு மாதிரி, நடப்பது ஒரு மாதிரி. மருத்துவமனையில் படிகள் ஒரே வரிசையில் வரும். காத்திருப்பது, பெயர் அழைப்பது, உட்காருவது, பஞ்சால் துடைப்பது, குத்து, பிளாஸ்டர். எதற்குப் பின் எது என்று தெரிந்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடும். அறுவை சிகிச்சைக்கு முன் பிள்ளைகளுக்குப் படம் காட்டிப் பதற்றம் குறைந்ததை மெலாமெட், சீகல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1975-இலேயே காட்டினார்கள். பல் மருத்துவர்களின் 'சொல், காட்டு, செய்' முறையும் இதே வழிதான். வீடியோ முதல் இரண்டை வீட்டிலேயே முடித்துக்கொடுக்கிறது.

இங்கே எந்த நேரத்தில் காட்டுவது என்பதும் வீடியோவின் தரத்துக்குச் சமமான விஷயம். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வாரம் முன்பே காட்டினால் யோசித்து, கேள்வி கேட்டுத் தயாராவார்கள். சின்னவர்களுக்கு முந்தின நாளோ அன்று காலையோ போதும். ஒரு வாரம் முன்பே காட்டினால் ஏழு இரவும் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பார்கள். ஏற்கெனவே ஒருமுறை மருத்துவமனையில் கஷ்டப்பட்ட சிறு பிள்ளைக்குப் பொதுவான வீடியோ பழையதைக் கிளறிவிடவும் கூடும். அவர்களுக்குப் படத்தைவிட, பொம்மைக்கு ஊசி போடும் விளையாட்டே மேல்.

'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லும் வீடியோவை உடனே நீக்கிவிடுங்கள். குத்திய நொடியில் அந்தப் பொய் உடையும், அடுத்த தடவை எந்த வீடியோவையும் பிள்ளை நம்பாது. 'சுருக்கென்று இருக்கும், சீக்கிரம் போய்விடும்' என்பது நாணயமான வசனம். பிள்ளையைப் படுக்கவைத்து அமுக்கிப் பிடிப்பதாகக் காட்டுபவையும் வேண்டாம். மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சோப்புக் குமிழி அல்லது காற்றாடி ஊதும் காட்சி இருப்பதைத் தேடுங்கள். ஊதும்போது மூச்சு நீளமாக வெளியேறும், தசை இறுக்கம் குறையும், கவனமும் திரும்பும். அதே காற்றாடியைக் கையோடு எடுத்துப் போவது அவசியம்; அது இல்லாமல் போனால் வீடியோவில் பார்த்தது நினைவுக்கு வருவது அரிது.

நாய் வீடியோக்களில் பயம் போக்குவதைவிடப் பாதுகாப்பைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. நிறைய வீடியோக்கள் பிள்ளை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுப்பதோடு முடிகின்றன. சிறு பிள்ளைகளுக்கு நாய்க்கடி அதிகம் விழுவது முகத்திலும் தலையிலும். நல்ல வீடியோ நான்கு விஷயம் காட்டும்: வளர்ப்பவரிடம் கேட்பது, நாயே முகர்ந்து பார்க்கக் காத்திருப்பது, தலையில் அல்லாமல் தோளில் தடவுவது, ஓடிவரும் நாய் முன் கையை ஒட்டிவைத்து மரம்போல நிற்பது. கடைசியைப் பிள்ளை எழுந்து நின்று செய்து பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் உடம்பில் ஏறாது. பிறகு நிஜத்தில், கட்டிப்போட்ட அமைதியான நாயைப் பத்து மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதில் தொடங்கலாம். மூச்சும் வாசமும் திடீர் அசைவும் திரையில் கிடையாது.

இருட்டில் சொல்ல அதிகமில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இந்த வயதுக்கு அப்படியே பொருந்தும். பூதத்தை விரட்டும் மந்திரத் தண்ணீர் தெளிக்கும் வீடியோக்கள் அப்போதைக்குத் தூங்கவைக்கும், ஆனால் பூதம் உண்டு என்று பெரியவரே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். கைநிழல் உருவங்கள், டார்ச் அடித்துப் பொருள் தேடும் விளையாட்டு உள்ளவை தேவலை. பகலில் போடுங்கள். படுக்கும் நேரத்தில் திரை வெளிச்சமும் வேண்டாம், அந்தப் பேச்சும் வேண்டாம். கழிவறை ஃப்ளஷ் பயத்துக்கு வீடியோ தேவையே இல்லை. மூடியைச் சாத்தி, பிள்ளை கதவுக்கு வெளியே நிற்க ஒருமுறை, உள்ளே நிற்க ஒருமுறை, பிறகு அவர்களே அழுத்த ஒருமுறை என்று போனால் சில நாளில் முடிகிற விஷயம். தானே ஃப்ளஷ் ஆகும் பொதுக் கழிவறை என்றால் சென்சார்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிக்கொள்ளலாம்.

முடிவெட்டுதல் போன்றவற்றுக்குக் கடையில் கிடைக்கும் கார்ட்டூனைவிட வீட்டில் எடுத்த வீடியோ மேல். பிள்ளையே நடிக்கலாம், தெரிந்த மற்றொரு பிள்ளையும் நடிக்கலாம். கைப்பேசியைப் பிள்ளையின் கண் உயரத்தில் பிடியுங்கள். கதவு, நாற்காலி, துணி போர்த்துவது, டிரிம்மர் ஓசை, கண்ணாடியில் முகம், வெளியே வருவது என்று ஆறு காட்சி, ஒவ்வொன்றும் பத்து முதல் பதினைந்து நொடி. அழுத இடத்தை வெட்டிவிடலாம், தயங்கிய இடத்தை விட்டுவையுங்கள். பின்னணி இசை சேர்த்தால் டிரிம்மர் ஓசை மூழ்கிவிடும், சேர்க்காதீர்கள். டிரிம்மரின் அதிர்வு மண்டையோடு வழியாகக் காதுக்குப் போவதை எந்த வீடியோவும் காட்டாது. வெட்டும் பகுதி தோலில் படாமல், ஓடும் டிரிம்மரின் பின்பக்கத்தை உள்ளங்கையிலும் தோளிலும் வைத்துப் பழக்குவது தனி வேலை.

எந்த வீடியோவானாலும் போடும் முறை ஒன்றுதான். மூன்று முதல் ஐந்து நிமிட நீளம், நாளுக்கு ஒருமுறை, வயிறு நிறைந்த, தூக்கம் வராத நேரம், பக்கத்தில் ஒரு பெரியவர். 2 முதல் 4 வயதுக்கு நாளில் மொத்தத் திரை நேரமே ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் 2019 பரிந்துரை. இதுவும் அந்தக் கணக்கிலேயே வரும். யூடியூப்பில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவையுங்கள். நாய்க்குட்டிக்குப் பின்னால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு இடத்தில் நிறுத்தி, 'இப்போ அவள் என்ன செய்வாள்?' என்று கேளுங்கள். 'உனக்குப் பயமா?' என்று மட்டும் கேட்க வேண்டாம், அந்தக் கேள்வியே பதிலைக் கொடுத்துவிடும். முடிந்ததும் ஐந்து விரலைக் காட்டி, எத்தனை விரல் பயம் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். நான்கைந்து நாளில் இரண்டு விரலுக்கு இறங்கினால் அதே நாள் நிஜத்தில் ஒரு சின்னப் படி. ஒரு வாரமாகியும் இறங்கவில்லை, அல்லது கூடுகிறது, இரவில் அலறல், விளையாட்டில் அதே காட்சி இறுக்கமாகத் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அந்த வீடியோவை நிறுத்திவிடுங்கள். மூன்று வாரம் கழித்து வேறொன்றைப் பார்க்கலாம்.

நீண்ட நாள் பயன்பாட்டில் மட்டுமே தெரியவரும் சிக்கல் ஒன்று உண்டு. சில பிள்ளைகள் வீடியோ பார்த்தால்தான் போவேன் என்று அடம்பிடிக்க ஆரம்பிப்பார்கள். பயத்தின் இடத்தில் வீடியோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைப் படிப்படியாக நறுக்குங்கள். ஒரு வாரம் முழு வீடியோ, அடுத்த வாரம் கடைசி முப்பது நொடி, பிறகு படமில்லாமல் அதில் வரும் ஒரு வசனம் மட்டும், பிறகு அதைப் பிள்ளையே சொல்லிக்கொண்டு போவது. பயம் ஆறு மாதத்துக்கு மேல் குறையாமல், பள்ளிக்கோ குளியலுக்கோ தூக்கத்துக்கோ குறுக்கே நின்றால் இன்னொரு வீடியோவைத் தேடிக்கொண்டிருக்காமல் குழந்தை உளவியலாளரிடம் அந்த விரல் கணக்குக் குறிப்பை எடுத்துப் போங்கள். எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்பது அதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிடும்.