மாஹிம் சேற்றில் நிற்பது எந்தக் கொக்கு?

மும்பையில் மாஹிமில் கிளம்பிய ரயில் பாந்த்ரா போய்ச் சேர்வதற்குள் ஒரு கழிமுகப் பாலம் வரும். எல்லாரும் மூக்கைப் பொத்துகிற அந்த ஒரு நிமிடத்தில் நான் ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டுவேன். கீழே சேற்றில் எப்போதும் கொக்கு உண்டு. அது கரைக்கொக்கா, வெள்ளை நிறச் சின்னக் கொக்கா என்பதில்தான் தாராவி நண்பருக்கும் எனக்கும் தகராறு.

உடம்பு கருஞ்சாம்பலாக, தொண்டை மட்டும் வெள்ளையாக இருந்தால் பேச்சே இல்லை, கரைக்கொக்கு. ஆனால் கரைக்கொக்கில் முழு வெள்ளையும் உண்டு. ஆண், பெண் என்பதற்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமில்லை. அது சின்னக் கொக்கின் பக்கத்தில் நின்றால் அளவும் உதவாது. இரண்டும் ஏறக்குறைய 60 செ.மீ. நீளம்தான்.

"காலைப் பாருங்க" என்பார் நண்பர். சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்த மாதிரி மஞ்சள் சட்டென்று நின்றுவிடும். கரைக்கொக்கின் கால் பச்சையும் பழுப்பும் கலந்தது, பாதத்து மஞ்சள் மேலே கசிந்து ஏறியிருக்கும். நல்ல அடையாளம்தான். மாஹிம் சேற்றில் இறங்கிய பிறகு எல்லாக் காலும் கறுப்பு, அதுதான் தொல்லை.

அதனால் என் ஓட்டு அலகுக்கு. சின்னக் கொக்குக்குக் கறுப்பாக, கோணி ஊசி போல நேராக இருக்கும். கரைக்கொக்கின் அலகு தடிப்பு. மங்கிய மஞ்சள் பழுப்பு, லேசாகக் கீழ்நோக்கி வளையும். இளம் சின்னக் கொக்கின் அலகும் வெளிறியிருக்கலாம் என்பதால் நிறத்தைவிடத் தடிப்பை நம்புங்கள்.

இரை தேடும் விதம் பார்க்க, பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டில் கடல் வற்றும் நேரத்தில் (கோலி மீனவர்கள் ஓஹோட்டி என்பார்கள்) போய் உட்காருங்கள். கரைக்கொக்கு பாறைக்குப் பாறை ஓடும், சடாரென்று திரும்பும், சிறகை விரித்து நிழல் கட்டிக் குட்டையில் குத்தும். உறுமீன் வரும்வரை வாடியிருக்கிற பொறுமையெல்லாம் மடையான் என்கிற குளத்துக் கொக்குக்குத்தான். சின்னக் கொக்கும் ஓடக்கூடியதுதான். ஆனால் ஒரு காலால் சேற்றை நடுக்கிக் கலக்கி, பதறி வெளிவரும் மீனைப் பிடிப்பதை அதனிடம்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நன்னீர் உள்ள போவாய் ஏரியில் என்றால் யோசிக்கவே வேண்டாம், சின்னக் கொக்கு என்று எழுதிவிடலாம். கரைக்கொக்கு உப்புத் தண்ணீரை விட்டு அதிகம் நகராது. கடலோரத்தில் அந்தக் கணக்கு செல்லாது. சின்னது அங்கேயும் வரும்.

போதாக்குறைக்கு இரண்டும் ஜோடி சேர்ந்து கலப்புக் குஞ்சு பொரிப்பதும் உண்டு. போன வாரம் சிக்னலுக்காக வண்டி பாலத்திலேயே நின்றது. கீழே ஒரு வெள்ளை: கறுப்புக் கால், தடித்த மஞ்சள் அலகு. நண்பர் சின்னது என்றார். நான் கால் சேறு என்றேன். அப்புறம் பாந்த்ரா வந்துவிட்டது.